கூலர் தொட்டியில் கரைத்த உப்பு

டாக்டர் சிவகாமி காலமான செய்தி வந்தபோது நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர் பிளாக்கில் இருக்கும் நம் சங்கச் செயலாளரின் மனைவி அவர் வீட்டுப் பால்கனியிலிருந்தே கத்தினார். "அக்கா, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்களாம். பாளையங்கோட்டையிலேருந்து தந்தி வந்திருக்கு. ஹார்ட் அட்டாக்காம்." கையில் இருந்த ஈரத் துணியைப் பிழியாமலே கொடியில் போட்டுவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார். "பாவம், தங்கமான மனசு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சாவுச் செய்தி கேட்டுச் சிரித்தவள் என்று நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் இதே அம்மாளிடம்தான் டாக்டர், தில்லி ஆர்.கே.புரம் அரசாங்க ஊழியர் டிஸ்பென்சரி வரிசையில் அத்தனை பேர் நடுவில், "உங்க வீட்டுக்காரரு அண்டர் செக்ரட்டரின்னா உங்க மருவும் அண்டர் செக்ரட்டரியா? போயி வரிசையில நில்லுங்க" என்று சொன்னார். அன்று இந்த அம்மாள் ஆரம்பித்த வசவு, டாக்டர் மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று ஊருக்கு ரயில் ஏறும்வரை ஓயவில்லை. இப்போது தங்கம். செத்தவர்களுக்கு நாம் பூசும் முலாம் இருக்கிறதே, அதில் கஞ்சத்தனமே கிடையாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூடத்தில் இரங்கல் கூட்டம். ஆண்டு மலரில் போட இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை போதும்மா" என்றார். நல்லதாக எனக்கு நிறையத் தெரியும். அவற்றில் கனிவு, இன்முகம், பொறுமை என்ற மூன்றும் இல்லை, அவ்வளவுதான். டாக்டர் நம்மில் பெரும்பாலோரை மதிக்கவே இல்லை. மதிக்கும்படி நாம் நடந்துகொண்டோமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்த இரண்டு பக்கம்.

எழுபதுகளின் கடைசியில் நம் பிளாக்கில் பிள்ளைகளுக்கெல்லாம் மரு வந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. முதலில் என் மகள் சுதாவுக்கு வந்தது. வலது கை விரல் முட்டிகளில் நாலு, முழங்காலில் ஒன்று. சொரசொரவென்று, தொட்டால் காய்ந்த பாகற்காய்த் தோல். பிறகு மாடி வீட்டுப் பையனுக்கு, பிறகு பக்கத்து வீட்டு இரட்டைப் பெண்களுக்கு. டிஸ்பென்சரி தெருக்கோடியில்தான் இருந்தது. அங்கே போனால் டாக்டரம்மா திட்டுவார். ஆகவே நாம் ஒருவரும் போகவில்லை. எம்.ஏ. படித்தவர்களும் அரசாங்கக் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருந்த பிளாக் அது. ஒருவர் டோங்கா வண்டிக்காரனிடம் கெஞ்சிக் குதிரை வால் முடி வாங்கிவந்து மருவைச் சுற்றிக் கட்டினார். ஒருவர் ஊதுபத்தி நுனியால் சுட்டார். பையன் போட்ட கூச்சல் மூன்றாவது பிளாக் வரை கேட்டது.

என் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கும்பகோணம் பக்கத்தில் மரு வந்தால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். உப்பு கரைவதுபோல் மருவும் கரையும் என்று கணக்கு. நம் மலைக்கோயிலில் முருகன் இருக்கிறார், குளம் இல்லை. தில்லியில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் எது என்று யோசித்தேன். வீட்டிலேயே ஒன்று இருந்தது. சன்னலில் வைத்திருந்த ரூம் கூலரின் தகரத் தொட்டி. குளித்துவிட்டு வந்து, விபூதி இட்டுக்கொண்டு, முருகனை நினைத்து ஒரு பிடி மிளகைப் போட்டு, ஒரு பொட்டலம் கல்லுப்பை அதில் கரைத்தேன். பத்து நாள் வீடு முழுவதும் மிளகு வாசனையுடன் குளிர்ந்த காற்று வீசியது. ஆவணி பிறப்பதற்குள் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகி, கீழ் வீட்டுக்காரர் வந்து, "பெஹன்ஜி, உங்க கூலர் காயப்போட்ட என் ரஜாய்ப் போர்வை மேலே ஊத்துது" என்றார். தொட்டி கரைந்தது. மரு அப்படியே இருந்தது.

சாமியும் கைவிட்ட பிறகு, பழி போட ஆளைத் தேட ஆரம்பித்தோம். தேடியவள் நான். பச்சையம்மாளை நம்மில் எல்லோருக்கும் தெரியும். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து குடிசைப் பகுதியில் இருந்தவள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானதிலிருந்து அவள் உழைப்பில்தான் குடும்பம் ஓடியது. நம் பிளாக்கில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஒருநாள் அவள் தவலையைக் கவிழ்க்கும்போது கையைப் பார்த்தேன். உள்ளங்கை ஓரத்திலும் விரல்களிலும் மருக்கள். எனக்கு ஏதோ பெரிதாகத் துப்பறிந்துவிட்ட பெருமிதம் வந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

"உன் கையிலேருந்துதான் என் பொண்ணுக்கு ஒட்டியிருக்கு. இத சரிபண்ணிட்டு வா. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைச்சு மரு மேல வையி, ஒரே நாள்ல பொசுங்கிடும். போனதும் வா, வேலை உனக்குத்தான்" என்றேன்.

"எல்லாத்து மேலயுமா வெக்கிணும், அம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம், எல்லாத்து மேலயும்தான். ஜல்தி போகணும்ல?"

அவள் போனதும் மற்ற மூன்று வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். நல்லெண்ணத்தோடு சொன்னேன். சாயங்காலத்துக்குள் நாலு வீடும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு வாரம் கழித்து டிஸ்பென்சரிச் சிப்பந்தி வந்து, டாக்டரம்மா கூப்பிடுகிறார், குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னார் என்றான். டாக்டர் வீட்டுப் பின் வராந்தாவில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கட்டு. அவள் அரசாங்க ஊழியர் குடும்பம் இல்லை. டிஸ்பென்சரியில் அவளுக்குச் சீட்டுப் போட முடியாது. அதனால் டாக்டர் தன் வீட்டில் வைத்தே வைத்தியம் பார்த்திருக்கிறார். கட்டைப் பிரித்து எனக்குக் காட்டினார். மரு இருந்த இடமெல்லாம் குழி. சுற்றிலும் தோல் வெந்து, வலது உள்ளங்கையில் சீழ். சுண்ணாம்புக் கூழை ராத்திரி முழுக்கத் துணி சுற்றி வைத்திருக்கிறாள். வலி பொறுத்தால்தானே வேலை திரும்பக் கிடைக்கும்.

"யாரு சொன்னான்னு கேட்டேன். மூணு நாளா சொல்ல மாட்டேன்னுட்டா. இன்னைக்குத்தான் வாயத் தொறந்தா" என்றார் டாக்டர். "நீங்க எந்தக் காலேஜ்ல வைத்தியம் படிச்சிய?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"கூலர்ல உப்பப் போட்டியளாமே. அதுல எனக்கு வருத்தமில்ல. தகரந்தான் போச்சு. இது மனுசத் தோலு."

"ஒட்டுவாரொட்டின்னு எல்லாரும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒட்டுந்தான். யாரு இல்லைன்னா?" என்றார். மேற்கொண்டு அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். நமக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான், அதையும் நாம் கேட்கவில்லை. "மருங்கிறது ஒரு வைரஸ். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல்ல, ஊறிப்போன தோல்ல உள்ள போவும். போயி மாசக்கணக்கா சும்மா இருக்கும். பொறவுதான் மொகத்தக் காட்டும். இன்னைக்கு உங்க மக கையில தெரியுறது எப்ப, எங்க, யாருகிட்ட ஒட்டிச்சுன்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு! இவ விடிஞ்சா அடைஞ்சா தண்ணியில கைய வச்சிருக்கா. இவளுக்கு எந்த வீட்டுல ஒட்டிச்சோ? உங்க வீட்டு எச்சித் தட்டத் தேய்க்கும்போதே ஒட்டியிருக்கலாம். அப்ப உங்கள எந்த வீட்டுலேருந்து நிறுத்துறது?"

பச்சையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார இடம் தரப்படவில்லை.

சுதாவை மறுநாள் அழைத்துப்போனேன். அவள் நகம் கடிப்பதையும் மருவைக் கிள்ளிக்கொண்டே இருப்பதையும் டாக்டர் பார்த்தார். கிள்ளிய கையால் வேறு இடம் தொட்டால் அங்கும் பரவும் என்று அவளிடம் சொன்னார். பிள்ளைகளிடம் மட்டும் அவர் குரல் இறங்கும், அதைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். மருவின் நடுவில் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டி, "இது வேருதானே, தோண்டி எடுத்துட்டா வராதுல்ல?" என்று கேட்டேன். "மருவுக்கு வேரே கெடையாது. அது உறைஞ்ச ரத்தம். தோண்டினா இன்னும் நாலு எடத்துல மொளைக்கும்" என்றார். வலியில்லாத மருவைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். அவசரம் என்றால் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்து. வெந்நீரில் ஊறவைத்து, மேலே செத்த தோலைத் தேய்த்து எடுத்து, சுற்றிலும் வாஸலின் தடவிக் காபந்து பண்ணி, மரு மேல் மட்டும் ஒரு சொட்டு. தினமும். மூன்று மாதம். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். மருவுக்கு மட்டும் ஒரு தனித் தேய்ப்புக் கல், தனித் துண்டு. முகத்தில் வந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாது, சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் வந்தால் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

"மூணு மாசமா?" என்றேன்.

"ஆமா. ஒரே நாள்ல போறதுக்கு உங்க சுண்ணாம்பு இருக்கே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நம் மாதர் பஜனை. டாக்டர் அதுவரை ஒரு பஜனைக்கும் வந்ததில்லை. அன்று வந்தார். மங்களம் பாடி முடித்துக் கற்பூரத் தட்டு சுற்றி வரும்போது எழுந்து நின்று, "எல்லாரும் கைய நீட்டுங்க" என்றார். குங்குமம் தருகிறார் என்று நினைத்து எல்லோரும் நீட்டினார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். செயலாளர் மனைவியின் கட்டைவிரல் நகத்தடியில் ஒன்று. சுலோகம் சொல்லித்தரும் அம்மாளின் மணிக்கட்டில் இரண்டு. "இவங்கள எப்ப வேலைய விட்டு நிறுத்தப் போறிய?" என்று பொதுவாகக் கேட்டார். என்னிடம் வந்தபோது, "மோதிரத்தக் கழத்துங்க" என்றார்.

கழற்றினேன். மோதிர விரலின் அடியில், மோதிரம் உட்காரும் இடத்தில், ஒரு சின்னத் தடிப்பு. அது அங்கே இரண்டு வருஷமாக இருந்தது. காய்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மோதிரத்தைக் கொஞ்சம் நகர்த்தி அதை மறைத்துக்கொள்ளும் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் காய்ப்பை யாரும் மறைப்பதில்லை. டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "காய்ப்புன்னா மேல ரேகை ஓடும். இதுல ரேகை அறுந்துபோயிருக்கு. நடுவுல கறுப்புப் புள்ளி. உங்க மகளுக்கு வந்ததுக்கு முந்தினதா, பிந்தினதா?"

"முந்தினது" என்றேன். அந்தக் கூடத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்த "சரி"யில் இருந்த இளக்காரத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. மருந்து தரட்டுமா என்றும் அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். "வலிக்கலைல்லா? அப்ப இருக்கட்டும்" என்று அடுத்த கைக்குப் போய்விட்டார்.

நாம் திருந்தினோமா என்று கேட்காதீர்கள். பஜனைக்கு அவரை யார் உள்ளே விட்டது என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். அடுத்த கோடைக்குள் பிள்ளைகளின் மருக்கள் ஒவ்வொன்றாகப் போயின. மருந்து போட்ட சுதாவுக்கும் போயிற்று, ஒன்றும் போடாத இரட்டைப் பெண்களுக்கும் போயிற்று. முருகன் செயல் என்றார் ஒருவர். குதிரை முடி என்றார் டோங்கா வரை போனவர். "அந்தப் பொம்பளைய நிறுத்தினோம், மரு போச்சு. பாத்தீங்களா?" என்றார் செயலாளர் மனைவி. அதைப் போய் டிஸ்பென்சரியில் டாக்டரிடமே சொன்னார். பின்னால் வரிசையில் நான் நின்றிருந்தேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அந்தச் சவத்து மரு தானா போயிரும். நீங்க போகச் சொன்னவ தானா வர மாட்டா" என்றார்.

அந்த வாக்கியம் எனக்காகச் சொல்லப்பட்டது இல்லை. எனக்குத்தான் பட்டது. மறுநாள் பச்சையம்மாளைத் தேடிக்கொண்டு போனேன். குடிசைக்கு அல்ல, டாக்டரின் குவார்ட்டர்ஸுக்கு. கை ஆறியதும் டாக்டர் அவளைத் தன் வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொண்டிருந்தார். கையில் இரண்டு மரு மீதி இருக்கும்போதே வைத்துக்கொண்டார் என்பதும், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் கையால்தான் காபி என்பதும் பிளாக் முழுக்கத் தெரிந்த கதை. "குடிங்க. மரு காபியில வராது" என்று டாக்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, தம்ளர் காலியாகும்வரை பார்ப்பாராம். பலர் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது அதனால்தான். அவருக்கு அது சௌகரியமாக இருந்தது.

பச்சையம்மாள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வலது கை விரல்கள் முழுவதும் விரியவில்லை. உள்ளங்கையில் வெந்து ஆறிய தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்குத் திரும்ப வர்றியா, பச்சையம்மா? நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். எவ்வளவோ ஒத்திகை பார்த்துவிட்டுப் போன வாக்கியம் அது.

அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்க சொன்னதத்தாம்மா செஞ்சேன். எல்லாத்து மேலயும் வெச்சேன்" என்றாள். பிறகு, "காபி போடட்டா?" என்று கேட்டாள்.

குடித்தேன். நன்றாக இருந்தது. டாக்டர் உள் அறையில் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவே இல்லை.

இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். கூடம் நிறைந்திருந்தது. கனிவே உருவானவர் என்று செயலாளர் பேசினார். அவருடைய மனைவி, ஏழை எளியவர்பால் டாக்டருக்கு இருந்த கருணையைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசிய ஏழை எளியவர், பச்சையம்மாள், கூடத்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் ஊருக்குப் போகும்போது அவளை ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் சேர்த்துவிட்டுப் போனார். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உள்ளே வந்து உட்காரும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் என்றால் நானும்தான்.

படத்துக்குப் பூப் போடும்போது மட்டும் அவள் உள்ளே வந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். தட்டிலிருந்து சாமந்தியை எடுக்கக் கையை நீட்டினாள். விரல்கள் முழுக்க விரியவில்லை. உள்ளங்கையிலும் விரல்களிலும் காசு காசாக வெள்ளைத் தழும்பு. அதில் ஒன்றுகூட மருவினால் வந்தது இல்லை. இரண்டு பூக்கள்தான் அவள் கையில் நின்றன. அவற்றைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அடுத்து என் முறை. மோதிரக் கையை நீட்டினேன்.

டாக்டர் சிவகாமியிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று மலருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். என் மோதிர விரலில் இருந்த மரு, பஜனை நடந்த மறு வருஷம் ஒருநாள், எப்போது என்றுகூடத் தெரியாமல், தானாகப் போய்விட்டது. அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. ரேகைகள் பழையபடி சேர்ந்துவிட்டன. மோதிரத்தைக் கழற்றி எத்தனை முறை பார்த்தாலும் ஒரு அடையாளமும் இல்லை. பச்சையம்மாளின் கையைப் பார்த்த கண்ணோடு அந்த இடத்தைப் பார்க்கும்போது, டாக்டர் பஜனையில் சொன்ன அந்த "சரி" என் காதில் விழுகிறது. அதை மட்டும்தான் வைத்திருக்கிறேன்.